வீடு காட்டும் தரகர் கவனத்திற்கு

வீட்டை விற்க விரும்புபவர் தரகரிடம், "பெண்கள் இருக்கும் வீடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு அஸருக்குப் பின் வாருங்கள்" என்கிறார். தரகரோ ளுஹர் வேளையில் நாலு பேருடன் சமையற்கட்டு வரை வந்து நிற்கிறார். பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள்.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும்; திரும்பச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். இது திருமறை 24ஆம் அத்தியாயம் 27, 28ஆம் வசனங்களின் கட்டளை. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விற்பனைக்கு வந்ததனால் வீடு சந்தையாகிவிடாது.

ஷரீஅத்தில் தரகர், உரிமையாளரின் பொறுப்பை ஏற்ற 'வக்கீல்', அமானிதக்காரர். நிபந்தனையை மீறினால் அதனால் வரும் நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு. ஒப்படைத்த சாவி மட்டுமல்ல, சொல்லி அனுப்பிய சொல்லும் அமானிதமே.

சகோதரர்களே! தரகுக் கூலியில் பரக்கத் வேண்டுமானால் வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள். அமானிதம் பேண அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.