முடிவில்லா வாக்கும் முடிவுள்ள பணமும்

கொடுத்த வாக்கைக் காத்தல் கடன் என்பது அறநூல்கள் யாவற்றுக்கும் பொதுவான துணிபு. ஆயின், கால எல்லையற்ற ஒரு வாக்கினை எல்லையுள்ள ஒரு தொகைக்கு அளித்தல் அறமாகுமா? இறந்தோர் உடலை உறைநிலையிற் பேணும் முயற்சி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

இன்றைய மருத்துவத்தாற் காக்க இயலாதவரின் உடலைக் கடுங்குளிரிற் பேணினால், வருங்கால மருத்துவம் அவரை மீட்கக்கூடும் என்ற கருத்தை 1960களில் நூல்வழி பரப்பியவர் றொபேட் எற்றிங்கர் என்னும் அமெரிக்கர். 1967 ஜனவரியில் கலிபோர்ணியாவில் ஜேம்ஸ் பெட்போர்ட் என்பவரின் உடல் முதன்முதலாக இவ்வாறு உறையவைக்கப்பட்டது. இதுவரை எவரும் மீட்கப்பட்டிலர். பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியசில் உள்ள திரவ நைதரசனிலேயே உடல்கள் வைக்கப்படுகின்றன. அது இடையறாது ஆவியாவது. எனவே இடையறாது நிரப்பப்பட வேண்டியது. இக்காத்திருப்பின் செலவுக்கு இறுதித் தவணை என ஒன்று இல்லை.

இச்செலவை உறவினரிடம் விட்டதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. கலிபோர்ணியாவின் சற்ஸ்வேர்த் மயானத்து நிலவறையில் வைக்கப்பட்ட ஒன்பது உடல்கள் 1970களிற் சிதைந்தன. உறவினர் சிலர் பணம் செலுத்துவதை நிறுத்தியமை அதற்கொரு முக்கிய காரணமாகும். அன்பும் ஒரு தலைமுறையிற் களைப்படையும் என்பதே அந்நிகழ்வு புகட்டிய பாடம்.

பின்வந்த நிறுவனங்கள் முழுத்தொகையையும், பெரும்பாலும் ஆயுட்காப்புறுதி வழியாக, முன்கூட்டியே பெறலாயின. அல்கோர் நிறுவனம் 1997இல் பேணற் செலவுக்கென நிதியைத் தனி நம்பிக்கைப் பொறுப்பாக ஒதுக்கியது. எனினும் விலையேற்றம் எஞ்சியே நிற்கின்றது. 1983 முதல் 2024 வரை ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் விலைமட்டம் மும்மடங்கிற்கு மேல் உயர்ந்தது. அன்று போதுமெனக் கருதி எடுத்த காப்புறுதி இன்று மூன்றிலொரு பங்கினும் குறைந்த பெறுமதியே உடையது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு லட்சம் டொலர் நிதி, விலையேற்றம் நீங்க ஆண்டுக்கு 2 வீதம் ஈட்டுவதாகக் கொள்ளலாம். ஆண்டுச் செலவு 2,000 டொலராயின் நிதி என்றும் நிலைக்கும். 4,000 ஆயின் 35 ஆண்டுகளில் அற்றுப்போகும். நித்தியத்துக்கும் 35 ஆண்டுகளுக்கும் இடையிலான தூரம் இவ்வளவே.

பற்றாக்குறையை யார் ஈடுசெய்வது? உறைந்திருப்பவரிடம் கேட்க முடியாது. புதிதாய்ச் சேர்வோர்மீது சுமத்தினால், தாம் அளிக்காத வாக்குக்கு அவர்கள் விலை கொடுப்பர். நிறுவனம் நிலைப்பதால் அவர்களும் பயன்பெறுகின்றனர், ஆகையாற் பங்கேற்றல் முறையே எனச் சிலர் வாதிக்கலாம். சுமையை அறிந்து ஏற்றால் அவ்வாதம் பொருந்தும். அறியாது ஏற்றால், அது முன்னோரின் கடனைப் பின்னோர் தலையில் மறைவாக ஏற்றிவைப்பதே ஆகும்.

ஆகவே அறத்தின் களம் உறைகலத்தருகே அன்று. ஒப்பந்தம் எழுதும் மேசையிலேயே உள்ளது. செலவு உயரும் என்பதையும், குறித்த தொகை போதாது போகலாம் என்பதையும், நிதி தீர்ந்தால் உடலுக்கு யாது நேரும் என்பதையும், கேட்கும் செவி உள்ளபோதே சொல்லிவிடுதல் வேண்டும். உயிரோடிருப்பவர் தொகையைக் கூட்டலாம், விலகலாம், மறுக்கலாம். உறைந்தவருக்கு இம்மூன்றும் இல்லை. மறுமொழி கூற இயலாதவருக்கு அளித்த வாக்கே வாக்குகளுள் மிகக் கனமானது. அதனை அளிக்குமுன் அதன் விலையை நேர்மையாகக் கணக்கிடுதல் அவ்வாக்கைக் காத்தலின் முதற்படியாகும்.