காட்சி கண்கட்டு அல்ல

விழித்திரையில் உலகம் தலைகீழாகத்தான் விழுகிறது. 1604-இல் வானியலாளர் கெப்ளர் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். பிறகு ஷைனர் என்ற பாதிரியார் மாட்டுக்கண்ணின் பின்சுவரைச் சீவிவிட்டு, அந்தத் தலைகீழ் உருவத்தை நேரிலேயே பார்த்தார். ஒளியை வாங்கும் செல்கள் ஏறத்தாழ 10 கோடி இருக்க, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சமே. அந்த நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. இடக்கண்ணை மூடி, இரு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களை நிமிர்த்துங்கள். வலக்கண்ணால் இடக்கை விரலையே பார்த்தபடி வலக்கை விரலை மெல்ல விலக்கிக்கொண்டே போனால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் விரல்நுனி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. பின்னாலுள்ள சுவரின் நிறம் அங்கே பரவியிருக்கும். மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

அப்படியானால் நாம் காணும் உலகமே மூளை கட்டிய தோற்றம்தானே, முன்னோர் மாயை என்றது இதைத்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிப்பொருளே இல்லை, எல்லாம் அறிவின் தோற்றம் என்ற பௌத்த விஞ்ஞானவாதத்தை, மாயையைப் பேசிய சங்கரரே பிரம்மசூத்திர உரையில் மறுத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞானபோதத்தில் கண்ணை உவமையாக்கினார்: கண் தானாகக் காணாது, உயிர் காட்டக் காணும், உயிருக்கு அப்படிக் காட்டுபவன் இறைவன். துணை வேண்டியிருப்பதால் காட்சி பொய்யாகிவிடும் என்று அவர் கொள்ளவில்லை. இந்த விவாதத்தில் தவறவிடக் கூடாத இடம் இதுதான். காட்டும் அந்த உயிர் மூளைதான் என்று இன்று சொல்வார்கள். மூளையின் எந்தப் பகுதியில் எந்த வேலை நடக்கிறது என்பதற்கு அது விடை. அறிபவர் யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அதற்காக, கண்ணின் அமைப்பு உயிரை நிரூபித்துவிட்டது என்று சொல்வதும் மிகையே.

காட்சி வெறும் கற்பனை அல்ல என்பதற்கோ சான்று இருக்கிறது. தொட்டு மட்டுமே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிப் பார்வையற்றவர், பார்வை வந்ததும் பார்த்தே இரண்டையும் இனம்காண்பாரா என்று 1688-இல் மாலினோ என்பவர் தத்துவஞானி லாக்குக்கு எழுதிக் கேட்டார். பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும், நரம்பறிவியலாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், இந்தியாவில் எட்டு வயதைக் கடந்து பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் இதைப் போன்ற சோதனை செய்யப்பட்டது. முடிவு 2011-இல் வெளிவந்தது. கையால் தொட்ட பொருளை உடனே கண்ணால் இனம்காண அவர்களால் முடியவில்லை. சில நாள்களிலேயே நன்றாக முன்னேறினார்கள். தொடுகையும் பார்வையும் சேர்ந்தே ஏமாற்றலாமே என்று இதற்கும் மறுப்புச் சொல்லலாம். ஆனால் காட்சி மனம் தானே கட்டிய தோற்றமாயிருந்தால், முதல் நாள் அந்த மனம் ஏன் தடுமாற வேண்டும்? கைக்கும் கண்ணுக்கும் வெளியே ஒரே பொருள் இருந்ததால்தான், அந்தப் பொருளைக் கொண்டே தவறைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

பார்வை கற்றுக்கொள்ளப்படுவது என்பதால், பிறவிக் கண்புரையைச் சில வாரங்களுக்குள் நீக்குவதே நல்லது. ஆனால் காலம் தவறிவிட்டது என்று எண்ணி வளர்ந்த பிள்ளையை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். முழுப் பார்வை வராமல் போகலாம். ஆனாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.