பறவையிடம் பொய் சொல்லலாமா?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, கோலாலம்பூர் பெர்டானா தாவரவியல் பூங்காவுக்குப் பாட்டியோடு போயிருந்தேன். 1888-இல் தொடங்கிய பூங்கா. பழைய ஆட்கள் இன்னும் லேக் கார்டன் என்றுதான் சொல்வார்கள். பாட்டிக்கு நடைப்பயிற்சி, எனக்கு மெர்லின். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி அது. அமெரிக்காவில் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் உருவாக்கியது. பொறியியல் மாணவன் என்பதால் அது வேலை செய்யும் விதமே எனக்கு ஆச்சரியம்: ஒலியை முதலில் படமாக மாற்றி, அந்தப் படத்தில் எந்தப் பறவையின் வடிவம் தெரிகிறது என்று தேடுகிறது.

உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பு எனக்குக் காக்கா, புறா, மைனா தவிர எதுவும் தெரியாது. பூங்காவுக்குப் போனாலும் காதில் இயர்போன்தான். என் காதைத் திறந்ததே இந்தச் செயலி. அதனால் ‘கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு இயற்கையைப் பார்’ என்பவர்களோடு என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை.

அன்றைக்கு ஒரு புதருக்குள் குண்டுக்கரிச்சான் பாடியது. மலாய்க்காரர்கள் முராய் என்பார்களே, கறுப்பு வெள்ளைக் குருவி, அது. பெயர் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. செயலியிலேயே அதன் குரல் பதிவு இருக்கிறது. அழுத்தினேன். உடனே வெளியே வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு இந்தக் கிளை, அந்தக் கிளை என்று தாவி, திரும்பத் திரும்பக் கத்தியது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

“ஏன்டா, அது யாரைத் தேடுது?”

“இன்னொரு ஆண் பறவை தன் இடத்துக்கு வந்துடுச்சின்னு நினைக்குது பாட்டி. சண்டைக்கு வருது.”

“இல்லாத ஆள இருக்குன்னு சொல்லி அலைய விடுறியா? தோட்டத்துல குருவி பிடிக்கிறவனும் கூண்டுல ஒண்ண வச்சு இப்படித்தான் கூப்பிடுவான்.”

எனக்குக் கோபம் வந்தது. நான் எதையும் கூண்டில் அடைக்கவில்லையே! ஆனால் யோசித்தால், இரை தேட வேண்டிய நேரத்தை, கூட்டைக் காக்க வேண்டிய நேரத்தை அது என் கைப்பேசியோடு சண்டை போட்டுச் செலவழித்திருக்கிறது. நகரத்துப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கைப்பேசிகள்! ஆய்வாளர்களும் கணக்கெடுப்புக்கு இதையே அளவோடு செய்கிறார்கள், சரி. என் இன்ஸ்டாகிராம் கணக்கெடுப்பு இல்லை.

பள்ளியில் வாய்மை அதிகாரத்தை நாம் எல்லாருமே ஒப்பித்திருப்போம். பொய் என்பது மனிதர்களுக்குள் நடக்கிற விஷயம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தது கடைசிவரை தனக்கே தெரியாத ஓர் உயிரிடம் சொன்னால் பொய் சின்னதாகிவிடுமா? எனக்கென்னவோ பெரிதாகத்தான் படுகிறது. மனுஷனிடம் மன்னிப்பாவது கேட்கலாம்.

செயலி செய்பவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஐநேச்சுரலிஸ்டில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினத்தைப் பதிவு செய்தால், சரியான இடத்தை அதுவே மற்றவர்களுக்கு மறைத்துவிடும். பிடிப்பவன் வழி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. அந்த மாதிரி நிரல் எழுத எனக்கு ஆசை. ஆனால் குரலை ஒலிக்கவிடும் பொத்தானை என் விரலிடமிருந்து யார் மறைப்பது?

அடுத்த ஞாயிறும் அதே புதர். எதையும் ஒலிக்கவிடாமல் அரை மணி நேரம் நின்றேன். பெஞ்சில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த பாட்டி, “வந்துச்சா?” என்றார்.

“இல்ல பாட்டி. உள்ளேயே பாடிச்சு.”

முதல் வாரம் எடுத்த படங்களை நான் இன்னும் அழிக்கவில்லை. ரொம்ப நல்லா வந்திருக்கு, அதுதான் பிரச்சினை.