யுகமுடிவும் அதுவரை வாழ்தலும்

உலகம் ஒருநாள் முடியும் என்று சொல்லாத சமயம் அரிது. குமரி மாவட்டத்தில் அப்படிச் சொல்லும் மரபுகள் பல ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன: சிதறால் மலையில் சமணம், சுசீந்திரத்தில் புராண மரபு, மயிலாடியில் கிறித்தவம், தக்கலையில் இஸ்லாம், சாமித்தோப்பில் அய்யாவழி. முடிவு எப்போது, எப்படி என்பதில் இவை வேறுபடுகின்றன. அதுவரை மனிதர் எப்படி வாழவேண்டும் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பொது.

புராணக் கணக்கில் கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள். அது கி.மு. 3102இல் தொடங்கியதென்பது மரபு. ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே கழிந்திருக்கின்றன. யுகத்தின் கடைசியில் திருமால் கல்கியாக வந்து அதர்மத்தை அழிக்க, மீண்டும் கிருதயுகம் பிறக்கும். சமணத்தில் படைப்பவரும் இல்லை, அழிப்பவரும் இல்லை. காலம் ஏறி இறங்கும் சக்கரம். இப்போது நடப்பது இறங்குகாலத்தின் ஐந்தாம் பகுதி, 21,000 ஆண்டுகள் நீள்வது. அடுத்ததும் அதே நீளம், ஆனால் இதைவிடக் கொடியது. அதன்பின் சக்கரம் ஏறத் தொடங்கும். திருச்சாரணத்துமலை எனப்பட்ட சிதறாலில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் இந்த நம்பிக்கையின் எச்சங்கள். இத்தனை நீண்ட காலத்தின்முன் ஓர் ஆயுள் கடுகளவு. அதனால் இவ்விரு மரபுகளும் உலகின் முடிவைக் காட்டிலும் தனியுயிரின் விடுதலையையே அதிகம் பேசின.

கிறித்தவமும் இஸ்லாமும் ஒரே தொடக்கத்தையும் ஒரே தீர்ப்பு நாளையும் சொல்கின்றன. 16ஆம் நூற்றாண்டிலேயே கடலோர ஊர்களில் கத்தோலிக்கம் பரவியிருந்தது. 1806இல் மயிலாடிக்கு வந்த மறைப்பணியாளர் ரிங்கல்தௌபேயால் சீர்திருத்தச் சபை வேரூன்றியது. ஒரு சாரார் வெளிப்படுத்தின விசேஷம் என்றும் மறுசாரார் திருவெளிப்பாடு என்றும் அழைக்கும் விவிலியத்தின் கடைசி நூல் புதிய வானம், புதிய பூமி என்ற காட்சியில் நிறைவடைகிறது. அந்த நாளும் நாழிகையும் மனிதருக்குத் தெரியாது என்றே இயேசு போதித்தார். பசித்தவருக்கு உணவு கொடுத்தாயா என்பதே தீர்ப்பில் கேட்கப்படும் என்றும் சொன்னார். இஸ்லாத்திலும் கியாமத் எனும் இறுதி நாளின் அறிவு இறைவனுக்கே உரியது. அந்த நேரம் வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. காய்ப்பதைக் காண ஆள் இருக்குமா என்று கேளாமல் கன்று நடச் சொல்லும் இந்த அறிவுரை, முடிவைப் பற்றிய அச்சத்துக்கு நேர் எதிரானது.

குமரி மண்ணிலேயே பிறந்த யுகமுடிவுச் செய்தி அய்யா வைகுண்டருடையது. இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் பிறந்த முத்துக்குட்டி, 1833இல், கொல்லம் 1008 மாசியில், திருச்செந்தூர்க் கடலிலிருந்து நாராயணரின் அவதாரமான வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. அரிகோபாலன் சீடர் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை உலக வரலாற்றை எட்டு யுகங்களாக வகுக்கிறது. முதல் யுகத்தில் குறோணி என்ற அசுரனை நாராயணர் ஆறு துண்டாக்க, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் அரக்கனாகப் பிறக்கிறது. கடைசித் துண்டே கலியன். அவனோடு போரிட வந்த நாராயணர் ஆயுதமற்ற பண்டாரமாக நிற்க, பண்டாரத்தை வதைப்பதில்லை என்று கலியன் ஆணையிடுகிறான். அந்த ஆணையை மீறும்போதே அவன் அழிவுக்கு வழிவகுத்துக்கொள்கிறான். கலி அழிந்தபின் வருவது தர்ம யுகம்.

இந்தக் கதை சொல்லப்பட்ட காலத்தைப் பார்த்தால் அதன் கனம் புரியும். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைவரி உட்படப் பல வரிகளைச் சுமந்தனர். ஆண்கள் தலைப்பாகை கட்டவும் பெண்கள் மேலாடை அணியவும் தடை இருந்தது. அந்த மக்களிடம் வைகுண்டர், கலி முடியும் நாளுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். எல்லாச் சாதியாரும் முத்திரிக் கிணற்றின் ஒரே நீரில் குளித்தனர். ஒன்றாய் இருந்து உண்டனர். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்து, உடலையும் உடையையும் தூய்மையாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கைப் பழகின. அய்யாவழியின் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. வழிபட வருபவர் அதில் காண்பது தம் முகத்தையே. அரசு வைகுண்டரைச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. 1851இல் அவர் மறைந்தார். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 அரச அறிவிப்பில் ஓரளவு பலன் கண்டது. தர்ம யுகம் வரும் என்ற நம்பிக்கையே, அந்த யுகத்துக்குரிய மனிதராக இன்றே நடந்துகொள்ளும் துணிவை இம்மக்களுக்குத் தந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்தனர். விளைச்சலை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்த நாள் எல்லா நாளையும்போல் கழிந்தது. நாளைக் கணிக்கும் மனம் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடுகிறது. நடத்தையைத் திருத்தும் மனம் அதை இன்னும் ஊன்றிச் செய்கிறது.

குமரிக் கரையில் அழிவு வெறும் நூற்செய்தி அல்ல. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் கடல் ஆழிப்பேரலையாக வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களுக்கு அன்றே தேவைப்பட்டவை சோறும் உடையும் தங்க ஓர் இடமும்தான். பசித்தவருக்கு உணவு, நடவேண்டிய கன்று, ஒரே கிணற்று நீர் என இந்த மரபுகள் முடிவின் பெயரால் கேட்டவையும் இவைபோன்ற அன்றாடக் கடமைகளையே.