முகமும் கொடையும்

சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பத்தில், நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்துண்டு அமர்ந்திருந்தோம். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகன், ரோம் நகரின் பொர்கேசே மாளிகையில் எடுத்த படமொன்றைக் காட்டினார். பளிங்கால் ஆன மார்பளவுச் சிலை அது. தடித்த கன்னம், பேச வாயெடுத்தாற் போன்ற உதடு, துளையில் பாதி நுழைந்து நிற்கும் பொத்தான். கல்லென்றே நம்ப இயலவில்லை.

"இத்தகைய கலையை வளர்த்தவரைப் போற்றத்தானே வேண்டும், மாமா?" என்று வினவினார் தம்பி.

வினா எளியதன்று. சிலைக்குரியவர் கர்தினால் சிபியோனே பொர்கேசே, போப் ஐந்தாம் பவுலின் சகோதரி மகன், பெருஞ்செல்வர். சிற்பி பெர்னினியை இளமையிலேயே இனங்கண்டு ஆதரித்தவர். 1632-இல் பெர்னினி இதனை வடிக்கையில் நெற்றியில் விரிசல் கண்டது. உடனே மற்றொன்றை விரைந்து செதுக்கினார். இரண்டும் இன்றும் அங்குள்ளன. மறு ஆண்டே கர்தினால் மறைந்தார்.

அவர் கொடுத்தது மெய், பறித்ததும் மெய். 1607-இல் ஓவியர் தார்ப்பீனோவிடம் பறிமுதலான சுமார் 100 ஓவியங்கள் அவரையே வந்தடைந்தன. வேறொருவருக்கென வரைந்த படத்தைத் தர மறுத்த ஓவியர் தொமெனிக்கீனோ சிறையிலிடப்பட்டார். பளிங்கின் விரிசலை மறைக்க இரண்டாம் கல் கிடைத்தது. வாழ்வின் விரிசலுக்கு அது கிடைக்குமா?

நம் கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கு முகச்சிலை இல்லை. உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணத்திற்கு வித்திட்டவர் அவர். நூல் நிறைவுறுமுன் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பணியைத் தாங்கினார்.

"புலவர் பாட்டும் சொல்லாலான சிலைதானே?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. சீதக்காதியைப் புகழ்ந்த நூல்களும் உண்டு. எனினும், அவர் ஆதரித்த அப்பெருங்காப்பியத்தின் நாயகர் அவரல்லர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. தம் முகம் இல்லாத படைப்பிற்குப் பொருள் ஈந்தார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழியும் அவர் தோற்றத்தைச் சொல்லவில்லை, கொடையையே சொல்கிறது.

ரோம் நகரத்துச் செல்வரை மட்டும் குறைகூறி அமைவோமா? பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறி அளித்து, அதன் இறக்கை மூன்றிலும் பெயர் எழுதுவோர் நம்மிடையே இல்லையா? பெயரின்றிக் கொடுத்தவரின் விசிறியும் அதே காற்றைத்தான் தருகிறது. அடுத்த முறை கொடுக்க நீளும் கை, எழுதுகோலையும் உடன் தேடுகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.