தீராத நோயும் தீர்க்கக்கூடிய நோவும்

நம்மவர் வீடொன்றில் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. நோய் முற்றிவிட்டது, இனி அறுவைக்கும் மருந்துக்கும் அடங்காது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு நடப்பது என்ன? மூத்த மகனுக்குத் தெரிகிறது, மருமகனுக்குத் தெரிகிறது, ஊரிலுள்ள சகோதரர்களுக்குத் தொலைபேசியில் தெரிகிறது, கடையில் கல்லாவில் இருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாமலிருப்பவர் ஒரேயொருவர்தாம். அவர் நோயாளி. "அத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துபோவார்" என்று டாக்டரின் அறைவாசலிலேயே உடன்படிக்கை முடிந்துவிடுகிறது.

பெர்மாஸ் ஜெயாவிலும் மாசாயிலும் பிளெந்தோங்கிலும் கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. அன்பினால் செய்யப்படுவது இது என்பதிலும் ஐயமில்லை. ஆயின், அன்பினால் செய்யப்படுவதெல்லாம் நியாயமாகிவிடுமா என்பதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

'ஹாஸ்பிஸ்' என்று ஒரு பராமரிப்பு முறை உண்டு. நோய் தீராது என்றானபின், நோயாளியின் வலியையும் மூச்சுத் திணறலையும் மனக்கலக்கத்தையும் தணித்து, எஞ்சிய நாள்களை அவர் மனிதராக வாழ்ந்து கழிக்கத் துணைநிற்பதே அதன் வேலை. அந்தப் பெயர் முற்காலத்தில் ஐரோப்பாவில் யாத்திரிகர் தங்கி இளைப்பாறிய விடுதிக்கு வழங்கியது. நம்மவர்கள் துறைமுகந்தோறும் கட்டிவைத்த முஸாபிர்கானாவை நினைத்துக்கொண்டால் பொருள் உடனே விளங்கிவிடும். பெயர் விடுதியைக் குறித்தாலும், இன்று பெரும்பாலும் இது நோயாளியின் சொந்த வீட்டிலேயே நடக்கிறது. தாதியும் டாக்டரும் வீடு தேடி வருகிறார்கள்.

இம்முறைக்கு இக்காலத்து வடிவம் தந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவரை இத்துறைக்குத் திருப்பியது ஓர் உணவகப் பணியாளரின் மரணம் என்பதை நம் உணவக முதலாளிகள் குறித்துக்கொள்ள வேண்டும். டேவிட் டாஸ்மா என்பவர் போலந்திலிருந்து லண்டனுக்கு வந்த யூத அகதி; ஓட்டலில் பரிமாறிப் பிழைத்தவர். புற்றுநோயில் கிடந்தபோது அருகில் இருக்க உற்றார் எவருமில்லை. மருத்துவமனையின் சமூகநலப் பணியாளராக இருந்த சாண்டர்ஸ் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இல்லம் அமைந்தால் அதில் ஒரு சன்னலுக்கு ஆகட்டும் என்று 500 பவுனை அவருக்கு எழுதிவைத்துவிட்டு, டாஸ்மா 1948-இல் இறந்துபோனார். அந்த அம்மையார் அதன்பின் மருத்துவம் படித்து டாக்டரானார். லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை 1967-இல் திறந்தார். சன்னல் எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

நம் கடைகளின் மாடியில் படுத்துறங்கும் இராமநாதபுரத்துப் பிள்ளைகளும் இப்படித்தானே இருக்கிறார்கள்! அவர்களுள் ஒருவருக்குத் தீராத நோய் கண்டால், பெர்மிட்டை ரத்துச் செய்து விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவதோடு நம் பொறுப்பு தீர்ந்ததாக எண்ணுகிறோம். ஊருக்குப் போய்த் தாயின் மடியில் கண்மூட வேண்டுமென்று அவரே விரும்புவார், அனுப்புவதுதான் சரி. ஆனால் வலிக்கு மருந்து, மருத்துவக் குறிப்பு, அங்கே யாரைப் பார்ப்பது என்ற விவரம் இவையின்றி அனுப்புவது சரியா? தமிழ்நாட்டில் அரசாங்கம் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இத்தகைய நோயாளிகளை வீட்டில் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அதை விசாரித்துச் சொல்லவாவது முதலாளிக்குக் கடமையில்லையா?

இனி வலியைப் பற்றி. புற்றுநோயின் வலியைத் தணிக்க உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வழிமுறை வகுத்து வெளியிட்டது. வலி வந்தபின் துடிக்கவிட்டு மருந்து கொடுப்பதன்று. வலி தலைதூக்குமுன் மணிக்கணக்குப்படி கொடுத்துவருவதே முறை. கடும் வலிக்கு மார்ஃபின் தருகிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் இரண்டு விதமாக அஞ்சுகிறார்கள். ஒன்று, அது போதைப்பொருளாயிற்றே, ஹராமாயிற்றே என்பது. மற்றொன்று, மார்ஃபின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பது. டாக்டர் அளந்து கொடுத்துப் படிப்படியாகக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். ஹராம் என்னும் அச்சத்துக்கு, நிர்ப்பந்தத்தின்போது தடுக்கப்பட்டதும் தேவையான அளவுக்கு ஆகுமாகிறது என்னும் சட்டத்தை ஆலிம்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். வலியில் புரளும் மனிதருக்குத் தொழுகையில் மனம் எங்கே நிற்கும்? வலி தணிந்து, படுத்தபடியே சைகையால் தொழுகிறாரே, அதுவன்றோ அவருக்கு வேண்டியது!

"சிகிச்சையை நிறுத்துவது அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பதாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் ஜித்தாவில் கூடியபோது இதை ஆராய்ந்தது. விட்டுவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும், அல்லது நோய் பிறரைத் தொற்றும் என்னும் நிலையில் சிகிச்சை கடமையாகும். சிகிச்சையால் நோயைவிடப் பெரிய கேடு வருமென்று அஞ்சும் இடத்தில் அது மக்ரூஹ் ஆகும் என்று அது படிகளை வகுத்தது. குணமடைவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளியின் உடல் வலியையும் மன வலியையும் தணிப்பது மருத்துவருக்கும் உறவினருக்கும் உரியது என்றும் சொல்லிற்று. ஆகவே ஹாஸ்பிஸ் என்பது கைவிடுதல் அன்று. பயன் தராத ஊசியையும் குழாயையும் விடுகிறோம், மனிதரை விடுவதில்லை. அல்லாஹ் நாடினால் ஷிபா எந்நேரமும் வரும், அதற்கான துஆவை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

உணவு விஷயத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. கடைசிக் கட்டத்தில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. "ஒரு வாய்க் கஞ்சியாவது" என்று நாம் திணிக்கிறோம். அது புரையேறி நெஞ்சுக்குள் போகிறது. உதட்டை ஸம்ஸம் நீரால் நனைத்து வாயைச் சுத்தமாக வைத்திருப்பதே அப்போது பெரிய உபசாரம் என்று தாதிகள் சொல்லித் தருகிறார்கள்.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். நோயாளிக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமா? வியாபாரியின் விஷயத்தில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. நம் வியாபாரத்தில் பாதிக் கணக்கு ஏட்டில் இருக்கிறது; மறுபாதி முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. யாரிடம் கைமாற்று வாங்கினார், யாருக்குச் சீட்டுப் பணம் தரவேண்டும், கூட்டாளியின் பங்கு எவ்வளவு, எந்த விதவை நம்பிக் கொடுத்த அமானத் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். ஜனாஸாச் செலவு போக முதலில் கடன், பிறகு மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகள் என்பது மார்க்கம் வகுத்த வரிசை. இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்ததும் கணக்கு முடங்கிவிடும். இன்னும் நாளிருக்கிறது என்று நம்பவைக்கப்பட்ட மனிதர் எதை எழுதிவைப்பார்? யாரிடம் மன்னிப்புக் கேட்பார்? பிள்ளைகள் மறைத்தது ஒரு நோயின் பெயரை மட்டுமன்று. கடனை அடைக்கவும் பகையைத் தீர்க்கவும் தந்தைக்கு இருந்த அவகாசத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டார்கள். அவகாசம் அவருடைய சொத்து. அதை வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பதே எம் துணிபு.

அதற்காக, படுக்கையருகில் போய்த் தீர்ப்பு வாசிப்பதுபோல் சொல்ல வேண்டுமென்பதில்லை. பழகிய மருத்துவர்கள் முதலில், "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்றே கேட்கிறார்கள். சிலர், "மகனிடம் சொல்லுங்கள், போதும்" என்பார்கள்; அதுவும் அவருடைய முடிவே. பலர் முன்னமே அறிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வருந்துவார்களே என்று தந்தை அறியாதவர்போல் இருக்கிறார். தந்தை வருந்துவாரே என்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு நாடகம்!

மலேசியாவில் கோலாலம்பூரின் 'ஹோஸ்பிஸ் மலேசியா' 1991 முதல் வீடுகளுக்குச் சென்று பார்த்துவருகிறது. அரசாங்கமும் 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையொன்றை வகுத்துள்ளது. நம் ஜொகூர் பாருவிலும் இதற்கென ஒரு சங்கம் இன மத பேதமின்றி, கட்டணம் வாங்காமல் இல்லம் தேடி வருகிறது. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டால் வழி காட்டுவார். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கேட்ட அன்றே கேட்டுவிடுவது நல்லது; கடைசி வாரத்தில் அழைத்தால் அவர்கள் செய்யக்கூடியது கொஞ்சமே.

நம்மையொத்த வியாபாரிகள் செய்து காட்டியது ஒன்றும் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலித் தணிப்புச் சங்கம், சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர் முதலிய ஊர்களில் அக்கம்பக்கத்தார் நடத்தும் இயக்கமாகிவிட்டது. கடைக்காரர், கூலியாள், மாணவர் என்று எளியவர்கள் கொடுத்த சில்லறையே அதற்கு முதல். கேரள அரசாங்கம் 2008-இல் இதைத் தன் கொள்கையாக ஏற்றது. அங்கே தொண்டர்கள் மருந்து மட்டும் கொண்டு போவதில்லை. வருமானம் நின்றுபோன வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் கொண்டு போகிறார்கள்.

இங்கே நாம் கூட்டமாக நோய் விசாரிக்கப் போகிறோம். விசாரிக்கப் போவது சுன்னத்து. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று தேநீர் குடிப்பது சுன்னத்தன்று. அந்தத் தேநீரைப் போட்டுத் தருபவர் இரவெல்லாம் கண்விழித்த அந்த வீட்டு உம்மா. பெர்மாஸ் ஜெயாவில் அடுத்த முறை நாம் போகும்போது வீட்டுப் பெண்களில் இருவரையும் கூட்டிச்சென்று, அவரை நான்கு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு நோயாளியின் பக்கத்தில் நாம் இருக்கலாம். கடையை அதுவரை தம்பி பார்த்துக்கொள்வார்.