எல்லைக் கோடு யார்மேல் விழுகிறது?

ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன் புறப்பட்டுக் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தமிழர் பலர். நாள்தோறும் தாம் தாண்டுவது யாதென அவர்களுள் எத்தனை பேர் யோசித்திருப்பர்? ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1924ஆம் வருஷம் முறைப்படி திறக்கப்பட்டது, இரு கரைகளையும் சேர்ப்பதற்காகவே. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. பாலத்தில் ஒரு கல்லும் இடம் பெயரவில்லை. ஆயினும் அது இரு நாடுகளுக்கு நடுவே வாயிலாகிவிட்டது. ஜோகூர் ஆற்று நீர் மட்டும் 1962ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி கடவுச்சீட்டு ஏதுமின்றி இன்றும் அக்கரை போய்க்கொண்டிருக்கிறது!

எல்லை என்பது மலையும் ஆறும்போல இயற்கையாக அமைந்ததென்று எண்ணுவோர் 1824 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையை நினைத்துப் பார்ப்பாராக. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தம் வியாபாரச் சச்சரவைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு, ஜோகூர்–ரியாவ் என்றிருந்த ஒரே அரசைக் குறுக்கே பிளந்தனர். அந்நாட்டுக் குடிகளை எவரும் கேட்கவில்லை. தேசம் முன்னும் அதன் படம் பின்னும் பிறப்பதாகவே நாம் நம்புகிறோம். சயாம் விஷயத்தில் படமே தேசத்தை உண்டாக்கிற்று என்று தோங்சாய் வினிச்சகுல் 1994இல் வெளியிட்ட நூலில் காட்டுகிறார்.

நம்மவர் கதையை அறிய விரும்புவோர் சுனில் அம்ரித் 2013இல் வங்காள விரிகுடாவைப் பற்றி எழுதிய நூலைப் படித்தல் வேண்டும். நம் பாட்டன்மாருக்கு அக்கடல் ஒரு பாதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் ஒரே சாம்ராஜ்யத்தின் ஆதிக்கத்துக்குள்ளேயே கரை மாறினார். பின்னர் 1938இல் இந்திய அரசாங்கத்தார் கூலியாட்கள் புறப்படுவதைத் தடுத்தனர். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது; பிரஜா உரிமைக்குப் பத்திரம் வேண்டும் என்றார்கள். பத்திரமில்லாத தோட்டத் தொழிலாளி சிவப்பு அடையாளக் கார்டுடன் நின்றார். 1969க்குப் பின் வேலை செய்யவும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பால்மரத்தடியிலேயே ஆயுளைக் கழித்த இவர்கள் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. கோடுதான் அவர்கள்மேல் வந்து விழுந்தது.

அப்படியாயின் எல்லைகள் யாவும் ஒழிக என்று முழங்கிவிடலாமா? நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். பழைய லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தின் மூலைதோறும் எல்லைக்கல். அந்நியர் பிரவேசிக்கலாகாது என்ற பலகை. தொழிற்சங்கத்தார் உள்ளே வருவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். ஆனால் அக்கல்லுக்கு உட்புறத்தே, பெற்றோரும் மக்களும் புதிதாய் மணந்தோரும் ஒரே அறையில் முடங்கிக் கிடந்தனர். பக்கத்து வீட்டு இருமல் பலகைச் சுவரினூடே கேட்கும். தன் அறைக் கதவைத் தாளிட்டுக்கொள்ளும் பெண்ணின் உரிமையும் ஓர் எல்லையன்றோ? நிலத்துக்கு அத்தனை எல்லை வகுத்தவர்கள் மனிதனுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

ஆகவே கோடு தேவையா என்பதைவிட, அதைப் போட்டவர் யார், அதனால் தடுக்கப்படுபவர் மறுத்துப் பேச வழியுண்டா என்று கேட்பதே தகும். கேட்கத் தொடங்கினால் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. 1936இல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கமொன்று அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் கருத்தைக் கண்டு அஞ்சிக் கூட்டத்தையே கைவிட்டது. அவர் அதைத் தாமே அச்சிட்டார். ஜாதியின் வேலியைப் பிடுங்கப் புறப்பட்ட சங்கத்துக்கும் ஒரு வேலி இருந்ததென்பது வேடிக்கையே. ஜாதி குடியிருப்பது மனத்திலே என்பது அந்நூலின் வாதங்களுள் முக்கியமானது.

அந்த மனமும் நம்மோடு கப்பலேறி வந்தது. மலாயாத் தோட்டங்கள் சிலவற்றில் தீண்டப்படாதார் எனப்பட்டோருக்குத் தனி லயம் இருந்தது. அந்த லயங்கள் பல இன்று இடிந்துபோயின; ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்தன. கடற்பாலத்தில் சோதனை நீளுகிறதென்று மணிக்கணக்காய் முணுமுணுக்கும் அன்பர், மாலையில் வீடு திரும்புகிறார். மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பையனின் படிப்பைக் கேட்கிறார், சம்பளத்தைக் கேட்கிறார், பிறகு குரலைத் தாழ்த்தி, “அவங்க என்ன ஆளுங்க?” என்கிறார்.